ஆஞ்சியோவில் 70 சதவீதம்: ஸ்டென்ட்டை உடனே வைத்தாக வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். ஒன்பது வருடமாகச் சர்க்கரை உண்டு. நெஞ்சு வலி வந்ததே இல்லை. போன மாதம் மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்தபோது டிரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ் என்றார்கள். மூன்றாவது கட்டத்தில் ஈசிஜியில் மாற்றம் தெரிந்ததாம். கையில் ஊசி போட்டு ஆஞ்சியோகிராம் செய்ததில், இதயத்தின் முன்பக்கத்துக்கு ரத்தம் தரும் எல்ஏடி குழாயின் நடுப்பகுதியில் 70%, வலது பக்கக் குழாயான ஆர்சிஏவில் 40% அடைப்பு. நான் மேஜையில் படுத்திருக்கும்போதே வெளியே வந்து, "இப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாமா?" என்று மனைவியிடம் கேட்டிருக்கிறார்கள். அவள், "யோசித்துச் சொல்கிறோம்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. எக்கோவில் பம்பிங் 60%. கெட்ட கொழுப்பான எல்டிஎல் 138, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான ஹெச்பிஏ1சி 8.4, கிட்னிக்கான கிரியாட்டினின் 1.0, பிபி 146/90. ஆஸ்பிரின் 75, அடோர்வாஸ்டாட்டின் 40, மெட்டோபுரோலால் 25 கொடுத்தார்கள். கொழுப்பு மாத்திரையான அடோர்வாஸ்டாட்டின் கிட்னியைக் கெடுக்கும் என்று நண்பர்கள் சொன்னதால் அதை மட்டும் நிறுத்திவிட்டேன். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, ஆப்பிள் சிடர் வினிகர் கலந்து குடிக்கிறேன். டிரிப்ஸ் ஏற்றி அடைப்பைக் கரைக்கும் கிளினிக் ஒன்றையும் சொல்கிறார்கள். இரவு கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது மட்டும் நெஞ்சு எரியும். கேஸ்தான், கொஞ்சம் நின்றால் ஏப்பம் வந்து சரியாகிவிடும். அப்பா 52 வயதில் மாரடைப்பில் போனார். தம்பிக்கு 47, சிகரெட் உண்டு. அவனும் ஆஞ்சியோ எடுத்துப் பார்க்க வேண்டுமா?

பதில்:

"யோசித்துச் சொல்கிறோம்" என்று உங்கள் மனைவி சொன்னதில் தவறில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது, பத்து நிமிடத்தில் முடிவெடுத்தாக வேண்டிய நிலைமை அல்ல. ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் செய்த இரண்டு காரியங்கள் சரியில்லை. கொழுப்பு மாத்திரையை நிறுத்தியது ஒன்று. இரவில் வரும் எரிச்சலைக் கேஸ் என்று நீங்களே முடிவு கட்டியது இன்னொன்று. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். கடிதத்தில் போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த வரிதான், டாக்டர் கண்ணில் முதலில் படும்.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும்போது எரியவில்லை. படுக்கும்போது எரியவில்லை. நடந்தால் எரிகிறது, நின்றால் போய்விடுகிறது. அமில எரிச்சல் இப்படி நடைக்குக் கட்டுப்பட்டு வந்து போகாது. அது படுத்தால், குனிந்தால் அதிகமாகும். சாப்பிட்டதும் குடலுக்கு அதிக ரத்தம் தேவைப்படுவதால் இதயம் ஏற்கெனவே கூடுதலாக உழைக்கிறது. அதன் மேல் நடையும் சேர்ந்தால் இதயத் தசைக்கு வேண்டிய ரத்தம் இன்னும் கூடுகிறது. அடைப்புள்ள குழாயால் அந்தக் கூடுதலைக் கொடுக்க முடிவதில்லை. எரிச்சலாக, இறுக்கமாக, தாடையில் ஒரு கனமாக, சிலருக்கு வெறும் மூச்சிரைப்பாக அது வெளியே வரும். இதற்குப் பெயர் ஆஞ்சைனா. சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு உணர்வு மங்கியிருப்பதால் "வலி" என்று சொல்லும் அளவுக்கு அது வராமலே போகலாம். ஏப்பம் வந்ததால் சரியானது என்று நினைக்கிறீர்கள். நின்றதால்தான் சரியானது, ஏப்பம் அந்த நேரத்தில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எனவே, "அறிகுறி எதுவும் இல்லாமல் செக்கப்பில் கண்டுபிடித்தது" என்று உங்கள் நிலைமையை எடுத்துக்கொள்ள முடியாது. இந்த எரிச்சல் எத்தனை நாளாக, எத்தனை அடி நடந்தால், எவ்வளவு நேரம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு இந்த வாரமே இதய மருத்துவரைப் பாருங்கள். இதுவரை பாதி வழியில் வந்தது இப்போது கடை வாசலைத் தாண்டும்போதே வருகிறதா, உட்கார்ந்திருக்கும்போதோ தூக்கத்திலோ வருகிறதா, இருபது நிமிடம் வரை நீடிக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே அவசரப் பிரிவுக்குப் போய் ஈசிஜியும், இதயத் தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பார்க்க வேண்டும். நான் கீழே எழுதுவதெல்லாம் எரிச்சல் மாறாமல், நடந்தால் மட்டும் வந்து போகும் நிலைக்குத்தான் பொருந்தும்.

இனி 70 சதவீதத்துக்கு வருவோம். இது குழாயின் விட்டத்தைக் கண்ணால் பார்த்துச் சொன்ன கணக்கு. 3 மில்லிமீட்டர் குழாயில் 0.9 மில்லிமீட்டர் வழிதான் மிச்சம் என்று பொருள். பரப்பில் பார்த்தால் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. கேட்கவே பயமாக இருக்கும். ஆனாலும் ஓய்வாக இருக்கும்போது உங்கள் இதயத் தசைக்கு ரத்தம் போதுமான அளவு போய்க்கொண்டுதான் இருக்கிறது, ஏனென்றால் அடைப்புக்கு அப்பால் உள்ள நுண்குழாய்கள் விரிந்து ஈடுகட்டிவிடுகின்றன. பம்பிங் 60% இருப்பதும் தசை இதுவரை கெடவில்லை என்பதைக் காட்டுகிறது. உழைக்கும்போதுதான் பற்றாக்குறை. ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் பார்த்து ஒருவர் 60 என்பதும் இன்னொருவர் 80 என்பதும் சாதாரணமாக நடப்பது. அதனால் அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

டாக்டர்கள் பார்ப்பது வேறு விஷயங்கள். அடைப்பு எந்த இடத்தில் இருக்கிறது? இடது பிரதான குழாயில் 50 சதவீதம் இருந்தாலே அது பெரிய விஷயம், மாத்திரையோடு விடுவதில்லை. எல்ஏடியிலும் தொடக்கத்தில் இருப்பது ஒரு ரகம், நடுவில் இருப்பது இன்னொரு ரகம், உங்களுடையது நடுவில். எத்தனை குழாய்? உங்களுக்குக் கணக்கில் எடுக்க வேண்டியது ஒன்று. பம்பிங் 35, 40 என்று இறங்கியிருக்கிறதா? இல்லை. டிரெட்மில்லில் முதல் மூன்று நிமிடத்திலேயே மாற்றம் வந்ததா, ரத்த அழுத்தம் ஏறுவதற்குப் பதில் இறங்கியதா, நின்ற பிறகும் ஈசிஜி வெகுநேரம் சரியாகவில்லையா? மூன்றாவது கட்டம் வரை போயிருக்கிறீர்கள் என்றால் ஆறு நிமிடத்தைத் தாண்டி, மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர் வேகத்தில், 14 சதவீத ஏற்றத்தில் நடந்திருக்கிறீர்கள். மோசமான டிரெட்மில் ரிசல்ட் அது அல்ல. மற்ற விவரங்கள் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட நிலையில், அதாவது மாரடைப்பு வராமல், இடது பிரதான குழாய் நன்றாக இருந்து, பம்பிங்கும் நன்றாக இருக்கும்போது, ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடுமா என்பதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2007-ல் கரேஜ் ஆய்வு வந்தது, 2,287 பேர். 2020-ல் இஸ்கீமியா ஆய்வு வந்தது. 37 நாடுகளில் 5,179 பேர், இந்தியர்களும் இருந்தார்கள். இரண்டிலும் ஒரு பிரிவுக்கு மாத்திரை மட்டும். இன்னொரு பிரிவுக்கு மாத்திரையோடு குழாய்ச் சிகிச்சை. இஸ்கீமியாவில் அந்தச் சிகிச்சை ஸ்டென்ட்டாகவோ பைபாஸாகவோ இருந்தது. சாவிலும் மாரடைப்பிலும் இரு பிரிவுகளுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் அடிக்கடி ஆஞ்சைனா வந்துகொண்டிருந்தவர்களுக்குக் குழாய்ச் சிகிச்சைக்குப் பிறகு வலி நன்றாகக் குறைந்தது. இஸ்கீமியாவின் மாத்திரைப் பிரிவில் இருந்தவர்களிலும் சுமார் ஐந்தில் ஒருவருக்குப் பின்னாளில் ஸ்டென்ட்டோ பைபாஸோ தேவைப்பட்டது. ஆக, உங்கள் நிலையில் ஸ்டென்ட் என்பது நிம்மதியாக நடப்பதற்கு. அதற்காக அதை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. கடையிலிருந்து வீட்டுக்கு நடக்க முடியாதவருக்கு அது பெரிய உதவி.

மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது வைக்கும் ஸ்டென்ட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே குழாய் முழுவதும் அடைத்து, நிமிடத்துக்கு நிமிடம் தசை செத்துக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் திறந்தால் உயிரையும் தசையையும் காப்பாற்றலாம். அந்த நேரத்தில், "யோசித்துச் சொல்கிறோம்" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

70-ஐத் திறந்து வைத்தால் மாரடைப்பு வராதே என்று நினைப்பீர்கள். மாரடைப்பு பெரும்பாலும் எப்படி வருகிறது என்றால், குழாய்ச் சுவருக்குள் இருக்கும் கொழுப்புப் படிவத்தின் மெல்லிய மூடி, பழுத்த பரு உடைவதுபோல் வெடித்து, அந்த இடத்தில் நிமிடங்களில் ரத்தம் உறைந்துவிடுகிறது. மூடி மெல்லியதா என்பது சதவீதத்தில் தெரியாது. உங்கள் ஆர்சிஏவில் இருக்கிற 40 சதவீதமும் வெடிக்கலாம்; ஆஞ்சியோவில் பார்வைக்கே வராத 20 சதவீதமும் வெடிக்கலாம். அங்கெல்லாம் ஸ்டென்ட் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. எல்லா இடத்துக்கும் ஒரே நேரத்தில் போய் மூடியைத் தடிப்பாக்குவதும், உள்ளே உள்ள கொழுப்பைக் குறைப்பதும் நீங்கள் நிறுத்திவிட்ட அந்தக் கொழுப்பு மாத்திரைதான். மூன்று மாத்திரையில் ஒன்றை விடலாம் என்றால் கடைசியாக விட வேண்டியதை முதலில் விட்டிருக்கிறீர்கள்.

அந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்பது உண்மையில்லை. உங்கள் கிட்னிக்கு ஆபத்து சர்க்கரை 8.4-லும் பிபி 146/90-லும் இருக்கிறது. ஸ்டாட்டின் என்ற இந்த வகைக் கொழுப்பு மாத்திரையால் வரக்கூடியவை வேறு: சிலருக்குத் தொடை, தோள் தசைகளில் வலி வரும், அப்போது தசைச் சேதத்தைக் காட்டும் சிகே பரிசோதனை செய்து, அளவைக் குறைத்தோ ரோசுவாஸ்டாட்டினுக்கு மாற்றியோ சமாளிப்பார்கள். கல்லீரல் நொதி சற்று ஏறலாம். இயல்பின் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் கவலை. சர்க்கரை மிகச் சிறிதளவு கூடலாம், கிடைக்கும் பலனுக்கு முன் அது பெரிதில்லை.

எவ்வளவு குறைய வேண்டும் என்று ஒரு கணக்குப் போடுவோம். குழாயில் அடைப்பு உறுதியானவர்களுக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். லேபில் "100 வரை நார்மல்" என்று அச்சடித்திருப்பது உங்களுக்குப் பொருந்தாது. உங்களுடையது மாத்திரை தொடங்கும் முன் 138. அடோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. ஏறக்குறைய பாதியாக்கும்; 70-ஐ ஒட்டி வரும். அளவை 80-ஆக இரட்டிப்பாக்கினால் கூடுதலாக ஆறு சதவீதம்தான் குறையும். அதைவிட 40-ஓடு எஸெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரை 10 மி.கி. சேர்த்தால் இருபது சதவீதம் போல இறங்கி 55-56-ல் வந்து நிற்கும். இரண்டும் ஒரே மாத்திரையில் கிடைக்கிறது. ஆறு வாரம் விடாமல் போட்டுவிட்டு லிப்பிட் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனைக்காக இரண்டு நாள் மாத்திரையை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் மாத்திரை வேலை செய்கிறதா என்றே தெரியாது.

இரவு எரிச்சலுக்கு வேறு மாத்திரைகள். மெட்டோபுரோலால் இதயத் துடிப்பைக் குறைத்து உழைப்பைக் குறைக்கிறது. ஓய்வில் துடிப்பு 55-லிருந்து 65-க்குள் நிற்கும்படி அளவைக் கூட்டுவார்கள்; 25 என்பது தொடக்க அளவு. திடீரென்று அதை நிறுத்தினால் ஆஞ்சைனா பாய்ந்து வரும், எனவே தீர்ந்துபோகும் முன்னே வாங்கி வைத்துவிடுங்கள். அம்லோடிபின் சேர்த்தால் ரத்த அழுத்தமும் 130/80-க்குக் கீழே வரும், எரிச்சலும் குறையும். ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரேட் மாத்திரை காலையில் ஒன்று கொடுக்கலாம். முதல் சில நாட்கள் தலைவலி வரும், பிறகு பழகிவிடும். இதைக் காலை, இரவு என்று சம இடைவெளியில் போட்டால் உடம்பு பழகிப்போய் மருந்து பிடிக்காது. நாளில் சில மணி நேரம் இடைவெளி விட்டாக வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் இப்படி முழு அளவில் பார்த்துவிட்டும் வீடு போய்ச் சேர்வதற்குள் எரிச்சல் வருகிறது என்றால், அப்போது ஸ்டென்ட்டை யோசிக்க நியாயமான காரணம் இருக்கிறது. மாத்திரையின் பக்க விளைவு பொறுக்க முடியவில்லை, வாழ்நாள் முழுக்க இத்தனை மாத்திரை வேண்டாம் என்று நீங்களே நினைத்தாலும் அதுவும் காரணம்தான். ஆனால் ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் ஸ்டென்ட் வைத்தாலும் தொடரும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

சர்க்கரையைப் பற்றி ஒன்று. இதயக் குழாயில் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளில் ஒன்று இருப்பது நல்லது. எம்பாகிளிஃப்ளோசின் இதய நோயால் வரும் சாவைக் குறைத்ததை 2015-ல் வந்த எம்பாரெக் ஆய்வு காட்டியது. இப்போது உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்து விலையும் இறங்கிவிட்டது. சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றுவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். சுத்தமாகக் கழுவி உலர்த்தினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். வாந்தி, பேதி, பட்டினி, ஆபரேஷன் சமயங்களில் இதை நிறுத்திவைக்க வேண்டும். உங்கள் சர்க்கரை மருத்துவரிடம் குறிப்பாக இதைக் கேளுங்கள்.

ஸ்டென்ட் வைப்பதென்று முடிவானால், அதற்கு முன் எஃப்எஃப்ஆர் பார்த்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். அழுத்தம் அளக்கும் மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, ரத்த ஓட்டத்தை மருந்தால் உச்சத்துக்குக் கொண்டுபோய் அளப்பார்கள். அடைப்புக்கு முன் அழுத்தம் 100, பின்னால் 76 என்றால் மதிப்பு 0.76. 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் அந்த அடைப்பு உண்மையிலேயே ரத்தத்தைத் தடுக்கிறது. 0.86 என்று வந்தால், படத்தில் 70 தெரிந்தாலும் அங்கே ஸ்டென்ட் வைத்துப் பெரிய பலன் இல்லை. எரிச்சலுக்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். டிரெட்மில் பாசிட்டிவ் என்பது பற்றாக்குறை இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எந்தக் குழாயில் என்று சொல்லாது. கம்பிக்குத் தனிச் செலவு உண்டு. தேவையில்லாத ஒரு ஸ்டென்ட்டின் செலவோடு ஒப்பிட்டால் அது லாபம்.

உள்ளே போகும் முன் கையெழுத்து வாங்கும் படிவத்தில், ஆஞ்சியோவுக்கு மட்டும் சம்மதமா, ஸ்டென்ட்டுக்கும் சேர்த்தா என்று படித்துவிட்டுப் போடுங்கள். பதற்றத்தில் வெளியே நிற்கும் மனைவியிடம் கேட்டுப் பெறும் சம்மதம் நல்ல சம்மதம் அல்ல. என்ன வந்தால் என்ன செய்வது என்பதை முந்தின நாளே பேசிவிடலாம். சர்க்கரை உள்ளவருக்குப் பல குழாய்களில் அடைப்பு இருந்தால் ஸ்டென்ட்டைவிட பைபாஸ் நல்லது என்று 2012-ல் ஃப்ரீடம் ஆய்வு காட்டிவிட்டது. அப்படிப்பட்டவருக்கு மேஜையிலேயே மூன்று ஸ்டென்ட் வைத்துவிட்டால் பிறகு திருப்பி எடுக்க முடியாது. உங்களுக்கு அந்தச் சிக்கல் இப்போது இல்லை.

வைத்த பிறகு ஆஸ்பிரினோடு குளோபிடோகிரெல் 75 மி.கி. பொதுவாக ஆறு மாதம். மாரடைப்புக்காக வைத்தால் ஒரு வருடம். உலோகத்தின் மேல் உள்தோல் படியும்வரை ரத்தம் அதில் உறையாமல் காப்பது இந்த இரண்டும்தான். பல் பிடுங்கப் போன இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள் என்று நிறுத்துவது ஆபத்து. ஆறு மாதத்துக்குள் ஹெர்னியா, கண்புரை என்று ஏதாவது ஆபரேஷன் செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால் ஸ்டென்ட்டுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கேஸ் மாத்திரை போடும் பழக்கம் உங்களுக்கு இருக்கும்போல் தெரிகிறது. ஒமெப்ரசோல் குளோபிடோகிரெலின் வேலையைக் குறைக்கும், பான்டோப்ரசோல் பரவாயில்லை. செலவைப் பொறுத்தவரை, மருந்து தடவிய ஸ்டென்ட்டுக்குத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது. அது அவ்வப்போது திருத்தப்படுகிறது. பில்லில் ஸ்டென்ட்டின் பெயர், பேட்ச் எண், விலை மூன்றும் தனியாக இருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட்டும் பைபாஸும் உண்டு.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஆஞ்சியோகிராம் படம் பதிந்த சிடி (CD) தட்டை வாங்கிக்கொண்டு போங்கள். கொடுத்த இடத்தில் கேட்டால் தருவார்கள். தந்ததும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள், சிடி கீறிப்போனால் திரும்ப ஊசிதான். டிரெட்மில்லின் முழு ஈசிஜி தாள்களையும் சேர்த்து எடுத்துப் போங்கள்.

இஞ்சி பூண்டுச் சாறு அடைப்பைக் கரைத்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. சமையலில் பூண்டு சாப்பிடுங்கள், தடையில்லை. காலையில் வெறும் வயிற்றில் வினிகரைக் குடித்தால் உண்மையான அமில எரிச்சல் வந்து, ஆஞ்சைனாவும் அதுவும் ஒன்றுக்குள் ஒன்று குழம்பிவிடும், அதற்காகவாவது நிறுத்துங்கள். மிக உயர்ந்த அளவு ஸ்டாட்டினை இரண்டு வருடம் கொடுத்து, குழாய்க்குள் அல்ட்ராசவுண்டு விட்டு அளந்தபோதே, படிவம் குழாயின் கனஅளவில் ஒரு சதவீதம் போலத்தான் சுருங்கியது. 70-ஐச் சாறு குடித்து 20 ஆக்கினோம் என்பவர்களிடம் இரண்டு ஆஞ்சியோ சிடிகளையும் கேளுங்கள். டிரிப்ஸ் வைத்தியத்துக்குக் கீலேஷன் என்று பெயர், ஏற்றுவது இடிடிஏ. மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடம் அதைச் சோதித்த டாக்ட்2 ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது, பலன் இல்லை. வேகமாக ஏற்றினால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடும், கிட்னிக்கும் நல்லதில்லை. காலில் பட்டை கட்டி அழுத்தும் இஇசிபி வேறு. ஒரு மணி நேரம் வீதம் 35 முறை செய்வார்கள். ஸ்டென்ட்டும் பைபாஸும் முடியாத நிலையில் ஆஞ்சைனாவைக் குறைக்க உதவும். அடைப்பை அது தொடுவதில்லை. உங்களுக்கு இப்போது அதற்கு வேலையும் இல்லை.

சட்டைப் பையில் உடனே வேலை செய்யும் நைட்ரேட் மாத்திரையான சார்பிட்ரேட் 5 மி.கி. இருக்கட்டும். எரிச்சல் வந்தால் முதலில் உட்காருங்கள், நின்றபடி போட்டால் தலைசுற்றி விழுவீர்கள். நாக்குக்கு அடியில் வையுங்கள், விழுங்கக் கூடாது. ஐந்து நிமிடத்தில் விடவில்லை என்றால், உறைதலைக் கரைக்கும் மருந்தோ, ஆஞ்சியோவும் ஸ்டென்ட்டும் செய்யும் கேத் லேபோ உள்ள மருத்துவமனைக்கு 108-ல் போங்கள்; ஆஸ்பிரின் 300 அல்லது 325 மி.கி. மென்று விழுங்குங்கள். பைக்கில் நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள், தடலாஃபில் என்றால் 48 மணி நேரத்துக்குள், சார்பிட்ரேட் கூடாது. ரத்த அழுத்தம் படுத்துவிடும். வெட்கப்பட்டு மறைப்பதில் உயிர் போகும் இடம் இது. வெளியூர்ப் பயணத்தில் இருந்தால், தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதயம் காப்போம் திட்டத்தில் 2023 முதல் மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகள் மொத்தம் 14 தருகிறார்கள்: ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அடோர்வாஸ்டாட்டின். விழுங்கிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரையலாம்.

இரவுச் சாப்பாட்டை வீட்டுக்குப் போய் வைத்துக்கொள்ளுங்கள். நடை முதலில், சாப்பாடு பிறகு. மாத்திரை பிடிக்கும்வரை மெதுவாக நடந்து, எரிச்சல் தொடங்கும் தூரத்துக்கு முன்னே நின்றுவிடுங்கள். அடங்கியதும் வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்று கூட்டலாம்.

தம்பிக்கு ஆஞ்சியோ வேண்டாம். மாடி ஏறினால் இறுக்கம், நடந்தால் எரிச்சல், மூச்சிரைப்பு எதுவும் இல்லை என்றால் டிரெட்மில்கூட வேண்டாம். அறிகுறி இல்லாதவருக்கு டிரெட்மில் தப்பாகப் பாசிட்டிவ் வருவது சகஜம். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு ஆஞ்சியோ வரை போக வேண்டியிருக்கும். அவரிடம் "உனக்கு வலி வருமா?" என்று கேட்காதீர்கள், நீங்களும் இல்லை என்றுதானே எழுதினீர்கள். "நடந்தால் வந்து நின்றால் போகிற மாதிரி ஏதாவது?" என்று கேளுங்கள். ஆம் என்றால் அவருக்கு முதல் சோதனையாக சிடி ஸ்கேனில் (CT) எடுக்கும் ஆஞ்சியோகிராம் நல்லது. துடிப்பு 60-65-க்குள் இருந்தால்தான் படம் தெளிவாக வரும் என்பதால் முன்கூட்டி மாத்திரை கொடுப்பார்கள். கிரியாட்டினின் பார்த்துவிட்டுப் போக வேண்டும். நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விடுகிறது என்றாலும் அதே கதைதான், குழாய் மட்டும் வேறு. கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டு 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் கால் குழாயில் அடைப்பு. சிகரெட் பிடிப்பவர்களுக்கு இது அதிகம்.

ஒன்றும் இல்லை என்றால் அவருக்கு வேண்டியவை ரத்த அழுத்தம், ஹெச்பிஏ1சி, லிப்பிட், இடுப்புச் சுற்றளவு (நம் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர்தான் எல்லை). அதோடு வாழ்நாளில் ஒரே ஒரு முறை, பரம்பரையாக வரும் ஒரு வகைக் கொழுப்பான லிப்போபுரோட்டீன்-ஏ. அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு, அண்ணனுக்கு 54-ல் அடைப்பு என்ற குடும்பத்தில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது, 50 மி.கி.க்கு மேல் என்றால் பரம்பரையாக வரும் அபாயம் இருக்கிறது. உணவாலோ நடையாலோ அது இறங்காது, எனவே மற்ற எல்லாவற்றையும் இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். நீங்களும் ஒரு முறை பாருங்கள்.

இவ்வளவு பார்த்தும் ஸ்டாட்டின் தொடங்கலாமா என்று இழுபறியாக இருந்தால், குழாயில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் கால்சியம் ஸ்கோர் சிடி ஸ்கேன் உதவும். ஊசி மருந்து இல்லை, சில நிமிட வேலை, கதிர்வீச்சும் குறைவு. 100-க்கு மேல் என்றால் மாத்திரை தொடங்கிவிட வேண்டும். பூஜ்யம் என்றால் சந்தோஷம்தான், ஆனால் சுண்ணாம்பு படியாத மென்மையான படிவம் இதில் தெரியாது. சிகரெட் பிடிக்கும் 47 வயதுக்காரர் பூஜ்யத்தைக் காட்டி ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்கிவிடக் கூடாது. உங்களுக்கு இந்த ஸ்கேன் தேவையே இல்லை, அடைப்பு இருப்பது தெரிந்துவிட்டது. யாராவது பேக்கேஜில் சேர்த்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பணத்தில் தம்பிக்கு லிப்போபுரோட்டீன்-ஏ எடுங்கள்.